ஆறு அறை, ஐந்து தோட்டா

சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த சமாச்சாரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் என்று யாரை எடுத்தாலும் இடுப்பில் ஒரு நீளக் குழல் ரிவால்வர் தொங்கும். சினிமாவிலும் அதேதான். 1972-ல் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா'விலிருந்து 2010-ல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வரை நம்ம ஊர் கௌபாய்கள் சுழற்றியதும் அந்தச் சாயல்தான். அதில் எத்தனை தோட்டா? ஆறு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அதில் ஆறு போடுவதில்லை. ஐந்துதான் போடுவார்கள். ஆறாவது அறையை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை எழுதக் காரணம் ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன். கிரீன் கார்டு வந்த பிறகு அங்கே 'கௌபாய் ஷூட்டிங்' என்ற விளையாட்டில் ஆசை வந்துவிட்டது. பழைய காலத்து உடை, பழைய காலத்துத் துப்பாக்கி, இரும்புத் தகட்டு இலக்கு, கையில் கடிகாரத்தோடு நடுவர். "அண்ணே, நீதான் குவாலிட்டி ஆளாச்சே, எந்த ரிவால்வர் தரமானதுன்னு சொல்லேன்" என்று கேட்டான். நான் பூனாவில் வாகன உதிரிபாகங்களைத் தரம் பார்த்து அனுப்பும் ஆள். துப்பாக்கி விற்பவனும் இல்லை, வைத்திருப்பவனும் இல்லை. ஆனால் இந்த ஒரு பொருளின் கதை எங்கள் தொழிலுக்கே பாடம் போல இருப்பதால் பல வருடமாகப் படித்து வருகிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரே வேலை செய்யும் ட்ரிக்கர்

முதலில் 'சிங்கிள் ஆக்ஷன்' என்றால் என்ன? ரிவால்வரின் பின்பக்கம், கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு சின்னச் சுத்தி நிற்கும். அதுதான் ஹாமர். அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும்போதே தோட்டா வைத்திருக்கும் சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வரும். பிறகு ட்ரிக்கரை அழுத்தினால் ஹாமர் விடுபட்டு அடிக்கும். ட்ரிக்கருக்கு அந்த ஒரே வேலைதான், விடுவிப்பது. அதனால் சிங்கிள் ஆக்ஷன். டபுள் ஆக்ஷனில் ட்ரிக்கரை அழுத்தினாலே ஹாமர் தானாகப் பின்னால் போய்த் திரும்பி அடிக்கும்.

சினிமாவில் ஹீரோ வலது கையில் ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு இடது உள்ளங்கையால் ஹாமரைத் தட்டித் தட்டிச் சுடுவாரே, அது சிங்கிள் ஆக்ஷனில்தான் நடக்கும்.

கல்கத்தா போன பையன்

கோல்ட் என்றால் தங்கமும் இல்லை, ஜலதோஷமும் இல்லை. ஆள் பெயர் :-) சாமுவேல் கோல்ட், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டுக்காரர். 1830-ல், 16 வயதில், 'கோர்வோ' என்ற பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் சிலிண்டரை மரத்தில் செதுக்கினார் என்பது வரலாறு. கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்து யோசனை வந்தது என்பது அவரைச் சுற்றி வளர்ந்த கதை. எது எப்படியோ, அந்த ரிவால்வரின் பிறப்புக்கு நம்ம ஊர்க் கடல்வழியோடு ஒரு சின்னத் தொடர்பு உண்டு.

1836-ல் காப்புரிமை வாங்கி, நியூஜெர்சியின் பேட்டர்சனில் தொழிற்சாலை போட்டார். 1842-ல் அது திவால். பிறகு மெக்சிகோ யுத்தம் கைகொடுத்தது. டெக்சாஸ் ரேஞ்சர் படையில் இருந்த கேப்டன் சாமுவேல் வாக்கர் யோசனை சொல்ல, 1847-ல் 1000 ரிவால்வருக்கு அரசு ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றும் 2 கிலோ எடை! இடுப்பில் கட்ட முடியாது, குதிரைச் சேணத்தில்தான் தொங்கவிட வேண்டும். அதிலிருந்து கோல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. 1862-ல் இறக்கும்போது பெரிய பணக்காரர்.

இந்தக் கால ரிவால்வர்களில் இன்று நாம் பார்க்கும் பித்தளைத் தோட்டா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் ஒரு சின்னத் தொப்பி மாட்ட வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தப் பழைய கோல்ட்டுகளில் சிலிண்டரின் பின்புறம், இரண்டு அறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன முளைகள் வைத்திருந்தார்கள். ஹாமரை அந்த முளையின் மேல் உட்கார வைத்துவிட்டால் அது எந்தத் தொப்பியையும் தொடாது. ஆறையும் நிரப்பிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

1873

பித்தளைத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போட, சிலிண்டர் இரு முனையும் திறந்த குழாயாக இருக்க வேண்டும். அதன் காப்புரிமை ரோலின் வைட் என்பவரிடம் இருந்தது. அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1856-லேயே வளைத்துப் போட்டுவிட்டது. 1869-ல் அது காலாவதியாகும் வரை கோல்ட் கம்பெனி கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தது.

காலாவதியானதும் வேலை ஆரம்பம். வந்ததுதான் 1873-ன் 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி'. அமெரிக்க ராணுவம் அதே வருடம் ஏற்றுக்கொண்டது. .45 காலிபர், குதிரைப் படைக்கு ஏழரை அங்குலக் குழல். பிறகு ஐந்தரை அங்குலம், நாலேமுக்கால் அங்குலம் என்று குட்டையானவையும் வந்தன. வியாபாரிகள் வைத்த பெயர் 'பீஸ்மேக்கர்', அதாவது சமாதானம் செய்து வைப்பவன். (பெயர் வைக்கிறவர்களின் நகைச்சுவை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) 1878-ல் .44-40 காலிபரிலும் கொண்டு வந்தார்கள். வின்செஸ்டர் 1873 ரைஃபிளும் அதே தோட்டாவைத் தின்னும். இடுப்பில் உள்ளதற்கும் தோளில் உள்ளதற்கும் ஒரே தோட்டா என்றால் காட்டில் அலைபவனுக்கு எவ்வளவு சௌகரியம்!

காமிக்ஸில் பார்க்கிற மாதிரி எல்லாக் கௌபாயும் இரண்டு கோல்ட் கட்டிக்கொண்டு திரியவில்லை. அவன் மாதச் சம்பளம் 30, 40 டாலர். ஒரு ரிவால்வர் அதில் பாதியைத் தின்றுவிடும். ஊருக்குள் துப்பாக்கி கட்டவே பல ஊர்களில் தடை இருந்தது. 1881 அக்டோபர் 26-ல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த பிரபல ஓ.கே. கொரால் சண்டைக்கு ஒரு காரணமே, ஊருக்குள் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்ற நகராட்சி விதிதான்.

நம்ம ஊருக்கு ஏன் வரவில்லை?

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட் தன் ரிவால்வரை வைத்தார். எதிரே ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், ட்ரிக்கரை அழுத்தினாலே முழு வேலையும் நடக்கும் ரிவால்வரை வைத்தார். கோல்ட் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலையும் திறந்து பார்த்தார். 1856-ல் மூடிவிட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் பியூமாண்ட்-ஆடம்ஸ் ரிவால்வரை ஏற்றது. ஹாமரை இழுத்தும் சுடலாம், இழுக்காமலும் சுடலாம்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் டபுள் ஆக்ஷன் பக்கம் போனதால் இந்தியாவும் அந்தப் பக்கமே போனது. பின்னால் வெப்ளி வந்தது. கான்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வரும், நடுவில் மடித்துத் திறக்கும் அந்த வெப்ளி வம்சம்தான். நம் போலீஸ் படங்களில் சிங்கிள் ஆக்ஷன் தென்படாததற்கு இந்த 1856 முடிவு ஒரு காரணம்.

விச்சிட்டாவில் விழுந்த ரிவால்வர்

இப்போது முக்கியமான இடம். 1873 கோல்ட்டில் அந்தப் பழைய முளைகள் இல்லை. ஹாமரின் மூக்கிலேயே கூரான ஊசி. ஹாமரை முழுக்கக் கீழே விட்டால் அந்த ஊசி நேராகத் தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமர் மேல் உட்காரும். துப்பாக்கி தவறி ஹாமர் படும்படி விழுந்தால்? டமால்.

கம்பெனிக்கு இது தெரியாமல் இல்லை. அதற்காக ஹாமரில் ஒரு 'சேஃப்டி' வெட்டு வைத்திருந்தார்கள். ஹாமரைக் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் இழுத்தால் ட்ரிக்கரின் மெல்லிய நுனி அந்த வெட்டில் மாட்டி ஹாமரைத் தூக்கி நிறுத்தும். ஆனால் அந்த நுனி சன்னமானது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இது எஃகுதானே. தேய்ந்திருந்தாலோ, பலமாக அடி விழுந்தாலோ உடையும். பெயர்தான் சேஃப்டி.

உதாரணம் வேண்டுமா? ஓ.கே. கொரால் புகழ் வயட் ஏர்ப்பே உதாரணம். 1876 ஜனவரி 9, கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா. அப்போது அவர் அங்கே போலீஸ்காரர். ஒரு மதுக்கடையின் பின்னறையில் நாலு பேரோடு உட்கார்ந்திருக்கிறார். உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுகிறது. ஹாமர் நாற்காலியில் பட்டு வெடிக்கிறது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துக்கொண்டு கூரை வழியாகப் போய்விட்டது. அறையில் இருந்தவர்கள் எழுந்து ஓட்டம். உள்ளூர்ப் பத்திரிகை இதை அப்படியே செய்தியாகப் போட்டது. குண்டு அரை அடி தள்ளிப் போயிருந்தால் ஓ.கே. கொராலும் இல்லை, அதை வைத்து எடுத்த படங்களும் இல்லை. 1931-ல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில், பாதுகாப்புக்காக ஐந்து தோட்டாதான் போடுவோம் என்று அவர் சொல்வதாகவே வருகிறது. பின்னே, பட்டவராயிற்றே!

அந்த ஐந்தைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஹாமரைப் பாதி இழுத்து நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒன்று போடு, ஒன்றை விடு, அடுத்து நான்கு போடு. பிறகு ஹாமரை முழுக்க இழுத்து, மெதுவாகக் கீழே விடு. எண்ணிக்கை சரியாக இருந்தால் ஹாமர் காலி அறையின் மேல் வந்து உட்காரும். இன்றும் இதே மந்திரம்தான்.

ஒரு ஸ்க்ரூ போட்டால் தீரும் விஷயம்

எங்கள் தொழிலில் ஒரு பாகத்தை வடிவமைக்கும்போது மூன்று கேள்வி கேட்பார்கள். கோளாறு எப்படி வரும்? வந்தால் என்ன ஆகும்? எதைக் கொண்டு தடுப்பாய்? மூன்றாவதுக்கு 'பயன்படுத்துகிறவருக்குச் சொல்லி வைப்போம்' என்று பதில் எழுதினால் மேலாளர் பேப்பரைத் திருப்பி எறிவார். மனிதன் மறப்பான், தூங்குவான், அவசரப்படுவான். தவறாகச் செய்யவே முடியாதபடி பொருளை அமைக்க வேண்டும். ஜப்பானியர் இதை போக்கா யோக்கே என்பார்கள். சிம் கார்டின் ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கிறார்களே, அது இந்த வகை. திருப்பிப் போட்டால் உள்ளேயே போகாது.

1873 கோல்ட், ஒரு கோளாறை 100 வருடம் வாய்மொழியாலேயே தடுத்த பொருள். தீர்வு தெரியாமல் இல்லை. ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி 1890-களிலேயே தன் மலிவான பாக்கெட் ரிவால்வரில் தீர்வை வைத்துவிட்டது. ஊசியை ஹாமரிலிருந்து கழற்றிச் சட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள். ஹாமர் அதைத் தொடாது. நடுவில் ஒரு சின்ன எஃகுப் பட்டை, 'ட்ரான்ஸ்ஃபர் பார்'. ட்ரிக்கரை முழுக்க அழுத்தினால் மட்டும் அந்தப் பட்டை மேலே எழும்பி, ஹாமரின் அடியை ஊசிக்குக் கடத்தும். விரலை எடுத்தால் பட்டை இறங்கிவிடும். பிறகு ஹாமரின் மேல் சுத்தியலால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அவர்கள் விளம்பரமே 'ஹாமரை ஹாமரால் அடி' என்பதுதான்!

ஆனால் கோல்ட் மாறவில்லை. ராணுவம் 1892-ல் டபுள் ஆக்ஷனுக்குப் போய்விட்டது. விற்பனை தேய்ந்து 1940-ல் தயாரிப்பு நின்றது. அதுவரை சுமார் 3,57,000 செய்திருந்தார்கள். செத்துப்போன பொருள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. 1950-களில் வீட்டுக்கு வீடு கௌபாய் தொடர்கள். எல்லோருக்கும் அந்த ரிவால்வர் வேண்டும், கடையில் இல்லை. 1949-ல் தொடங்கிய ரூகர் கம்பெனி இந்த இடத்தைப் பிடித்தது. 1953-ல் .22 காலிபரில் 'சிங்கிள் சிக்ஸ்', 1955-ல் .357 மேக்னத்தில் 'பிளாக்ஹாக்'. அடிக்கடி உடையும் தட்டை ஸ்ப்ரிங்குக்குப் பதில் சுருள் ஸ்ப்ரிங். சட்டத்தை மெழுகு வார்ப்பில் செய்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கிற முறையின் தொழிற்சாலை வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல்ட்டும் பார்த்தது, 1956-ல் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது.

ஆனால் ரூகரும் அந்தப் பழைய கோளாறைச் சேர்த்தே எடுத்து வந்திருந்தது. வாங்கியவர்கள் ஏர்ப் காலத்து ஆட்களில்லை. டிவி பார்த்து வாங்கியவர்கள். ஐந்துதான் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அப்பன் தாத்தா கிடையாது. ஆறையும் நிரப்பினார்கள். விபத்துகள் நடந்தன, வழக்குகள் வந்தன. அலாஸ்காவில் வண்டிக்குள் கை நழுவிய ரூகர் வெடித்து ஒருவருக்குக் காலில் குண்டு பாய்ந்த வழக்கு 1979-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 'எச்சரிக்கை சொல்லியிருந்தோமே' என்ற சமாதானம் இந்த மாதிரி வழக்குகளில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது.

1973-ல் ரூகர் 'நியூ மாடல்' கொண்டு வந்தது. உள்ளே ட்ரான்ஸ்ஃபர் பார். பழைய கோல்ட் வந்து சரியாக 100 வருடம்! அதோடு நிற்கவில்லை. பழைய மாடலை அனுப்பினால் இலவசமாகப் பட்டை பொருத்தி, கழற்றிய பாகங்களையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. 

இத்தாலிப் பள்ளத்தாக்கு

இன்னொரு கிளைக்கதை. டெக்ஸ் வில்லர் 1948-ல் பிறந்தது அமெரிக்காவில் அல்ல, இத்தாலியில். அவர் கையில் இருப்பதன் பிரதிகளும் பெரும்பாலும் இத்தாலிதான். வட இத்தாலியின் பிரேஷா பக்கத்தில் வால் ட்ராம்பியா என்ற பள்ளத்தாக்கு. பெரெட்டா குடும்பம் 1526-லிருந்து துப்பாக்கிக் குழல் செய்யும் இடம். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அங்கே துப்பாக்கி. அங்கே 1959-ல் ஆல்டோ உபெர்ட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு வருவதைக் கணக்குப் போட்டு, 1851 கோல்ட்டின் பிரதியைச் செய்தார். பிறகு 1873-ன் பிரதி. கோல்ட்டை விடப் பல மடங்கு மலிவு. பியெட்டா போன்ற மற்றவர்களும் வந்தார்கள்.

விளையாட்டு

1982-ல் கலிபோர்னியாவின் கோட்டோ டி காசாவில் சில நண்பர்கள் 'எண்ட் ஆஃப் ட்ரெய்ல்' என்ற போட்டியை நடத்தினார்கள். 1987-ல் அதற்கென்றே சிங்கிள் ஆக்ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற சங்கம். சேர்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கௌபாய் புனைபெயர் வேண்டும். இரண்டு சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு பழைய மாதிரி ஷாட்கன். ஈயக் குண்டு மட்டும். ரிவால்வர் குண்டின் வேகம் நொடிக்கு 1000 அடியைத் தாண்டக்கூடாது. எடுத்த நேரம்தான் மதிப்பெண், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 5 நொடி கூடும்.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. எந்தக் கம்பெனி ரிவால்வராக இருந்தாலும், உள்ளே ட்ரான்ஸ்ஃபர் பார் இருந்தாலும், ஐந்துதான் போட வேண்டும். ஹாமர் காலி அறையின் மேல்தான் இருக்க வேண்டும். அதைத் தோட்டா போடும் மேஜையிலேயே இன்னொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தோட்டாவோடு துப்பாக்கியைக் கீழே தவறவிட்டால் அன்றைய முழுப் போட்டியிலிருந்தும் வெளியே. பட்டை உள்ளே காக்கிறது, விதி வெளியே காக்கிறது. இரட்டைப் பூட்டு.

அப்படியானால் எதை வாங்குவது?

தம்பிக்குச் சொன்னது இதுதான்:

1. சட்டம் முதலில். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, குற்றம். கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. நண்பனுடைய துப்பாக்கிதானே என்று மைதானத்தில் வாங்கிச் சுடுவதற்கு முன்னும் இதை யோசியுங்கள். மாநிலச் சட்டம் தனி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, இந்த விளையாட்டை மறந்துவிடலாம்.

2. 1940-க்கு முந்தைய அசல் கோல்ட் கிடைத்தாலும் சுட வாங்காதே. புகையில்லா வெடிமருந்துக்கு அது தாங்கும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்தது 1900-லிருந்துதான். அதற்கு முந்தையது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

3. 1956-க்குப் பிந்தைய கோல்ட் அழகு, கௌரவம். விலைதான் கண்ணைக் கட்டும். உள்ளே அதே 1873 யந்திரம். ஐந்து என்ற ஒழுக்கம் கையோடு ஊறியவருக்கு மட்டும்.

4. இத்தாலியப் பிரதி, விலைக்கு நல்ல பொருள். கைக்கும் கண்ணுக்கும் அசல் மாதிரி. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ளே வேறுபடும். உபெர்ட்டியின் 'கேட்டில்மேன் 2' போன்றவற்றில் ஊசி உள்வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பழையவற்றில் இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

5. ரூகர் 'வக்கேரோ' 1993-ல் இந்த விளையாட்டுக்காகவே வந்தது. 2005-ல் அளவில் கோல்ட்டை ஒட்டிய 'நியூ வக்கேரோ'. ஹாமரை இழுக்கும்போது அந்தப் பழைய நாலு 'க்ளிக்' கேட்காது, ரசிகர்கள் அதற்காகக் கண்ணீர் விடுவார்கள். ஆனால் உறுதி, சுருள் ஸ்ப்ரிங், ட்ரான்ஸ்ஃபர் பார். முதல் ரிவால்வருக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழைய ரூகர் செகண்ட் ஹேண்டில் வந்தால் பக்கவாட்டில் பார். சட்டத்தில் மூன்று ஸ்க்ரூ தெரிந்தால் 1973-க்கு முந்தையது. பட்டை மாற்றியிருக்கிறதா என்று கேட்காமல் தொடாதே.

6. காலிபர். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். அதிர்வு குறைவு, விலையும் குறைவு. .45-தான் கௌபாய்க்கு அழகு என்பது காமிக்ஸ் பேச்சு.

7. தரம் பார்க்கும் முறை, கடைக்காரர் அனுமதியோடு, தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு. ஹாமரை மெதுவாக இழு. முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் சரியான இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார். பூட்டிய பின் சிலிண்டர் பக்கவாட்டில் அதிகம் ஆடக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி சீராக இருக்க வேண்டும். இரண்டு ரிவால்வர் வாங்க வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். கை ஒன்றைத்தான் பழகும்.

மறந்தால் என்ன ஆகும்?

2021 அக்டோபர் 21, நியூ மெக்சிகோ. 'ரஸ்ட்' என்ற கௌபாய் படத்தின் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்தது, இத்தாலியில் செய்த 1873 கோல்ட் பிரதி. உள்ளே இருந்திருக்கவே கூடாத நிஜத் தோட்டா ஒன்று இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் காயமடைந்தார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் சிறைத் தண்டனை. நடிகர் மீதான வழக்கு அதே வருடம் தள்ளுபடியானது.

ட்ரிக்கரை அழுத்தவில்லை என்றார் நடிகர். எஃப்.பி.ஐ. சோதித்தது. முழுக்க இழுத்த ஹாமர் ட்ரிக்கரை அழுத்தாமல், உள்பாகங்கள் உடையாமல் விழவில்லை. ஆனால் ஹாமர் கீழே இறங்கி ஒரு தோட்டாவின் மேல் இருக்கும்போது ஹாமரை நேராக அடித்தால், ட்ரிக்கர் இல்லாமலேயே ப்ரைமர் வெடித்தது. அந்தத் துப்பாக்கியின் பழுது அல்ல அது. 1876-ல் விச்சிட்டாவில் நாற்காலி செய்த வேலையைச் சோதனைக்கூடத்தில் சுத்தியல் செய்தது, அவ்வளவுதான். அந்த மரணத்துக்குக் காரணம் வேறு. நிஜத் தோட்டா அங்கே வந்தது, வந்ததை யாரும் பார்க்காதது. ஆனால் வடிவம் 1873-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஆக, தரமான ரிவால்வர் எது என்ற கேள்விக்குப் பளபளப்பும் விலையும் பதில் இல்லை. மனிதன் ஒருநாள் மறப்பான் என்று எதிர்பார்த்துச் செய்த பொருள் எது என்று பாருங்கள். அதை வாங்குங்கள். வாங்கிய பிறகு, அந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும் என்று எதிர்பார்த்து, ஆறாவது அறையைக் காலியாக விடுங்கள்.